விளக்குப் போகாத அறை

எரியாத வாயுவுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தவள். இடிக்குப் பயம், கரப்பானுக்குப் பயம், படகில் ஏறினால் கடலுக்குப் பயம், இறங்கினால் சேற்றுக்குப் பயம். இப்படிப்பட்ட ஒருத்தி எப்படி இரசாயனவியல் படித்தாள் என்று கேட்பீர்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்புக் கிடையாது. எது எதோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், எது தோலை அரிக்கும், எதை மோந்தால் தலை சுற்றும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தந்துவிடுவார்கள். அந்த வரிசையில் காபனீரொட்சைட்டு எங்கோ கடைசியில் இருந்தது. சோடாப் போத்தலில் பொங்குகிற வாயு, நாம் வெளியே விடுகிற மூச்சு. அதற்கு யார் பயப்படுவார்கள்?

எழுபதுகளின் கடைசி வருடங்களில் திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன வாயுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். அங்கே சூளையில், கடலில் பவளப்பாறையாகக் கிடந்த முருகைக்கல்லை எரித்துச் சுண்ணாம்பு எடுப்பார்கள். எரியும்போது கிளம்புகிற புகையைக் கழுவி, அதிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்து, இரும்புச் சிலிண்டர்களில் அமுக்கி அடைப்போம். சோடாக் கொம்பனிகள் வாங்கும். கப்பல்காரர்களும் வாங்குவார்கள், இயந்திர அறையில் தீப்பிடித்தால் அணைப்பதற்கு. இருந்தும் நாங்கள் பிடித்ததைவிடப் புகைபோக்கி வழியே வானத்துக்கு விட்டதுதான் கூட. சல்லி என்ற கரையோர ஊரில் கருவாடு போடுகிற பெண்கள் மீன் தலையைக்கூட எறிய மாட்டார்கள். நாங்கள் பகல் முழுக்க எறிந்துகொண்டிருந்தோம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திப் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து இரண்டு வருடம் ஜப்பானில் படித்தேன். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் இதே வாயுவையும் ஒரு திரவத்தையும் தடித்த உருக்குப் பாத்திரத்துக்குள் அழுத்தத்தில் அடைத்து, துத்தநாகம் கலந்த ஒரு பொருளை இரண்டையும் சேரவைக்கும் தூண்டுகோலாக வைத்து, பிளாஸ்டிக் செய்துகொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெயின் உறவுக்காரனாகத்தான் பிளாஸ்டிக்கை நான் அதுவரை அறிந்திருந்தேன். இது கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய தாளாக வந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதி, காற்றோடு போயிருக்க வேண்டிய வாயு. மூச்சைக் கையில் பிடித்துப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஊர் திரும்பும்போது பஸ் டிக்கட் அளவில் ஒரு துண்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

அந்தத் துண்டுதான் முதலாளியைப் பிடித்தது. அவர் நகரத்துக் கத்தோலிக்கர், நல்ல மனிதர், ஆனால் ஒரு யோசனை தலைக்குள் ஏறிவிட்டால் இறங்காது. துண்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், நான் தடுப்பதற்குள் ஒரு மூலையைக் கடித்தும் பார்த்தார். சந்தையில் ஒரு நல்ல பிளாஸ்டிக் வாளிகூடக் கிடைக்காமல் திண்டாடிய வருடங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. எங்கள் புகையிலேயே பிளாஸ்டிக் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு அவர் வாயுவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே பயம் பிடித்தது.

பயம் அந்தத் திரவத்தை நினைத்து. அது நம் உடம்புச் சூட்டுக்கும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கச்சான் என்கிற சுடுகாற்று வீசும் மாதங்களில் திருகோணமலை மத்தியானத்தில் நிழலில் வைத்த போத்தலுக்குள்ளேயே கொதிக்கும். அதன் ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். மோந்தால் இனிமையாக இருக்கும், அதுவும் நல்லதில்லை. கப்பலில் அது வந்து இறங்கிய அன்று நான் சோறு தின்னவில்லை. தொழிற்சாலை வளவிலேயே குளிர்ச்சியான இடம் எதுவென்று தேடினேன். வெள்ளைக்காரக் கடற்படையின் காலத்தில் குன்றைக் குடைந்து கட்டிய களஞ்சிய அறை ஒன்று இருந்தது. பதினொரு படி கீழே இறங்க வேண்டும். தடித்த கற்சுவர், ஒரே ஒரு கதவு, யன்னல் இல்லை. வெளியே தார் உருகும் நேரத்திலும் உள்ளே கால் சில்லிடும். அந்த அறையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கியவள் நான்தான். அதை மறைக்க விருப்பமில்லை.

பிறகு சட்டங்கள் போட்டேன். நெருப்புப்பெட்டி கொண்டுவரக் கூடாது, பீடி பற்றிய வாயோடு வரக் கூடாது, வால்வு முறுக்குகிற இரும்புச் சாவிகள் தொடக் கூடாது. முறுக்குவதற்குப் பித்தளைச் சாவி, ஏனென்றால் பித்தளை பொறி தெறிக்காது. அடியில் ஆணி அடித்த செருப்பு ஒருத்தரிடம் இருந்ததைக் கண்டதும், எல்லாருமே செருப்பைக் கதவடியில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். சூளைக்காரர் அதை மிஸ்ஸின் கோயில் என்று சொல்லிச் சிரிப்பார்கள். கற்பூரம் மட்டும் கொளுத்த முடியாத கோயில்.

எனக்கு உதவிக்குக் கிடைத்தவர் கின்னியாவைச் சேர்ந்த ஒரு நானா. முஸ்லிம் ஆண்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், வயதில் என்னைவிட இரண்டு மூன்று வருடம்தான் கூட இருக்கும். படகுத்துறை கடந்து சைக்கிள் மிதித்து எல்லாருக்கும் முதல் வந்துவிடுவார். சூளையடியில் வேலை பழகியவர். கை சுத்தம், வாய் சுத்தமில்லை. என் திரவத்துக்கென்று மீன் ஐஸ் கொண்டுவந்து பெட்டியில் நிரப்புவேன், அதில் ஒரு கட்டியை உடைத்துத் தன் தேசிக்காய்த் தண்ணீருக்குப் போட்டுக்கொள்வார். கேட்டால், ஐஸ் உருகிவிட்டது, கச்சான் காற்றைப் போய்க் கேளுங்கள் என்பார்.

அவரிடம் ஒரு குப்பி விளக்கு இருந்தது. மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கழுத்தில் கம்பி சுற்றி, நீளமான தும்புக் கயிற்றில் கட்டியது. சூளையின் அடியில் சாம்பல் வாருகிற குழிக்குள் இறங்குவதற்கு முன் அதைக் கொளுத்திக் கயிற்றில் இறக்குவார். கிணறு இறைக்கப் போகிறவர்கள் செய்கிற அதே வேலை. விளக்கு அணைந்தால் ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இறக்குவார்கள். அணையாமல் எரிந்தால் இறங்குவார்கள். எனது அறைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அவர் விளக்கோடு படியடிக்கு வந்து நின்றார். நான் போட்ட கூச்சலில் சூளைக்காரர் ஓடி வந்தார்கள்.

விளக்கை வாங்கிக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். பதிலுக்கு முதலாளியிடம் கேட்டு ஒரு நல்ல டோர்ச் வாங்கிக் கொடுத்தேன். நானா டோர்ச்சை அமத்தி எரித்துப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார்.

"வெளக்கு அணைஞ்சா நமக்கு ஒரு கதை சொல்லும். இந்த டோர்ச் என்ன சொல்லும் மிஸ்?"

"இங்க விளக்கைக் கொண்டுவந்தா, அது கதை சொல்ல முந்தி எங்கட கதை முடிஞ்சிடும் நானா."

என் பதில் எனக்கே பிடித்திருந்தது. முதலாளியிடமும் போய்ச் சொல்லிச் சிரித்தேன். நானா டோர்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் கேட்டது ஒரு கேள்வி என்பதே அன்று எனக்கு விளங்கவில்லை.

பல மாதம் எங்கள் உருக்குப் பாத்திரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஜப்பானில் பார்த்த தூண்டுகோல் காற்றுப் பட்டாலே தீப்பற்றும், அதை இங்கே கொண்டுவர எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக, தீப்பற்றாத ஒரு வெள்ளைத் தூளை நானே செய்து பார்த்தேன். பாத்திரத்தைத் திறந்தால் சில நாள் தண்ணீர், சில நாள் பசை, சில நாள் சளி மாதிரி ஒரு சாமான். அதைக் கழுவ இன்னொரு திரவம் வேண்டும். கழுவிய அழுக்கைக் கடலில் ஊற்றச் சொன்னார் முதலாளி. ஏலாது என்று சொல்லிவிட்டேன். புகையைப் பிடிக்கிறேன் என்று போய்க் கடலைக் கெடுத்தால் இதில் என்ன புண்ணியம்? அழுக்கு நிறைந்த போத்தல்கள் சுவரோரம் கூடிக்கொண்டே போயின. அவற்றுக்கும் பயந்தேன்.

ஒருநாள் பாத்திரத்தின் அடியில் வெள்ளைக் கட்டி ஒன்று கிடந்தது. சூடு காட்டி இழுத்தபோது தாளாக நீண்டது. நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மிச்சத்தை ஒரு மூடிக்குள் அமத்தி, ஊசியால் நாலு துளை போட்டுச் சட்டைப் பொத்தான் ஒன்று செய்து அவருக்குக் கொடுத்தேன். அவர் மனைவி அதைச் சட்டையின் மேல் துளைக்குத் தைத்துவிட்டார். ஆனால் இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கே இளகும். சூளையடியில் நின்றுவிட்டு வந்தால் பொத்தான் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். மத்தியானத்தில் என்னைப் போலத்தான் இதுவும் சோர்ந்துபோகுது என்று எல்லாருக்கும் காட்டித் திரிந்தார். அவரைப் போலப் பெருமைப்பட்டவர் வேறு யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

முதலாளி கொழும்புக்கு எழுதினார். கைத்தொழில் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. சனிக்கிழமை நானும் நானாவும் பின்னேரம் வரைக்கும் வேலை செய்தோம். இரண்டு பெரிய வாயுச் சிலிண்டர்கள் பாத்திரத்தோடு பூட்டியிருந்தன. போகும்போது நான்தான் வால்வுகளை மூடினேன். பித்தளைச் சாவி மென்மையானது, பல் தேய்ந்திருந்தது, கடைசி முறுக்கில் கொஞ்சம் வழுக்கியது. இரும்புச் சாவியால் ஒரு இழுவை இழுத்திருக்கலாம். பொறிக்குப் பயந்து விட்டுவிட்டேன். காதை வைத்துக் கேட்டேன், சத்தம் இல்லை. கதவைப் பூட்டித் திறப்பை நானாவிடம் கொடுத்தேன். பிறகு பார்க்கும்போது வாஷரும் வெடிப்பு விட்டிருந்தது. வாஷரா, என் கையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் நான் போய்ச் சைக்கிளிலிருந்து இறங்கும்போது நானா கதவைத் திறந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோடு சேர்த்து வைத்தார். ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் தும்புத்தடி. அதிகாரி வர முந்தி நிலத்தைக் கூட்டிவிடுகிறேன் என்றார். ஐஸ் ஏதும் மிச்சம் இருந்தால் அதிகாரிக்கு விட்டுவையுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டு இறங்கினார். நான் சைக்கிளைப் பூட்டினேன், கூடையிலிருந்து கடதாசிகளை எடுத்தேன். உள்ளே தும்புத்தடி நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. நாலு தரம், ஐந்து தரம் கேட்டிருக்கும். பிறகு நின்றது.

ஐஸைத் தேடுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். கதவடிக்கு வந்து, "நானா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். டோர்ச் நிலத்தில் உருண்டு கிடந்து எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சம் துளிகூட ஆடவில்லை. கடைசிப் படியில் அவருடைய தலை தெரிந்தது, உடம்பு அதற்குக் கீழே மடிந்து கிடந்தது.

அப்போது எல்லாம் ஒன்றாக விளங்கியது. இரண்டு சிலிண்டர் வாயு ஞாயிறு முழுக்கக் கசிந்திருக்கிறது. அது காற்றைவிடக் கனம். யன்னல் இல்லாத, பதினொரு படி ஆழமான அறையில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது. நிறம் இல்லை, எனக்கு எட்டிய மணம் இல்லை. நிமிர்ந்து நின்ற வரைக்கும் தலை வெளியே இருந்திருக்கும். கூட்டுவதற்குக் குனிந்தார், அதற்குள் முங்கிவிட்டார். ஒரு குப்பி விளக்கு அதில் மேலிருந்து மூன்றாம் படிக்குக் கீழே உயிரோடு இருந்திருக்காது. டோர்ச் எரிந்துகொண்டே இருந்தது. அதற்கு மூச்சுத் தேவையில்லை. தீக்குப் பயந்து நான் தேடிப் பிடித்த அறை, தீக்குப் பயந்து நான் கொடுத்த வெளிச்சம்.

இறங்கி ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஓடினால் நானும் அவர் மேலேயே விழுவேன் என்பதும் தெரிந்தது. என்னைத் தடுத்தது அறிவா, கோழைத்தனமா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். விடை எதுவாக இருந்தாலும் நான் மேலே நின்றேன், அவர் கீழே கிடந்தார். வாயைத் திறந்து கத்தினேன்.

சூளையிலிருந்து முதலில் ஓடி வந்தவர் நானாவின் மச்சான், மனைவியின் தம்பி. கீழே பார்த்தார், படியில் பாய்ந்தார். நான் அவருடைய சாரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் அரையைச் சுற்றிக் கட்டிப்பிடித்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறத்தி ஆம்பிளையை அப்படிப் பிடித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்.

"விடுங்க மிஸ். மச்சான் சாகிறார்."

"நீங்க இறங்கினா ரெண்டு பேரும் சாவீங்கள். புளோவரைக் கொண்டு வாங்கோ. சூளைப் புளோவர்."

அவர் முழங்கையால் என் வாயில் அடித்தார். உதடு கிழிந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, பல் துலக்கும்போது தட்டும். நான் விடவில்லை. மனிதனைச் சாக விடுகிறாள் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். சூளைக்குக் காற்று ஊதுகிற புளோவரின் கன்வஸ் குழாயை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். அது வந்துசேர எடுத்த நேரம் சின்ன நேரம்தான். எனக்குள் அது இன்னும் முடியவில்லை. நான் அந்தத் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை கடைசிப் படியில் இருக்கிறது, நிலத்தில் இல்லை, ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஒருவன் ஆணியில் தொங்கிய குப்பி விளக்கை எடுத்து நெருப்புப்பெட்டியைத் தேடினான். உள்ளே என் திரவத்தின் போத்தல்கள் கிடந்தன, ஒன்று கசிந்திருந்தாலும் போதும். விளக்கைப் பிடுங்கி வீசினேன். வாயு இருக்கிறதா என்று கேட்க விளக்கு வேண்டும், விளக்குக் கொண்டுபோனால் திரவம் எங்கள் உயிரைக் கேட்கும். அப்படி ஓர் இடத்தை நான் என் கையாலேயே கட்டி வைத்திருந்தேன்.

குழாயைப் படியால் இறக்கி அவர் முகத்துக்கு நேரே ஊதவிட்டோம். மச்சானின் இடுப்பில் கயிறு கட்டி, மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு போகச் சொன்னேன். நான் எண்ணினேன். பத்துக்குள் திரும்பாவிட்டால் இழுப்போம் என்று சொல்லியிருந்தேன். எட்டில் அவர் நானாவின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்தார். பதினொன்றில் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தோம்.

வெயிலில் கிடத்தினோம். முகம் சிவந்திருந்தது, உதடு நீலம். குழாயைப் பக்கத்தில் வைத்து ஊதவிட்டோம். பொத்தானைக் கழற்றிச் சட்டையைத் திறந்தேன், கைக்குள் அது சூடாக நெளிந்தது. என் உதட்டு இரத்தம் அவர் சட்டையில் சொட்டியது. பிறகு குறட்டை மாதிரி ஒரு பெரிய மூச்சு வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. மச்சான் நிலத்தில் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை.

பத்து மணிக்குக் கார் வந்தது. நானாவை அதற்கு முந்தியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு ஆளுக்கு மயக்கம் வந்தது என்று சொல்லுவோம், தாளைக் காட்டுங்கள், அறையைப் பிறகு காட்டலாம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவரும் பயந்துபோயிருந்தார். அதிகாரி என் வாயைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், பித்தளைச் சாவி வரைக்கும். அவர் தாளை வெயிலுக்குப் பிடித்துப் பார்க்காமலே திருப்பித் தந்துவிட்டு ஏறிப்போனார். முதலாளி பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். நானா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலடியில் அவர் மனைவி இருந்தார், அதற்கு முன் நான் கண்டதில்லை. கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். போக எழும்பியபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை என் கையில் வைத்தார். பொத்தான். சுடுதண்ணியில் சட்டை தோய்த்திருக்கிறார், நாலு துளையும் மூடி ஒரு உருண்டையாகிவிட்டிருந்தது.

"இது உங்கட மிஸ். நம்மட சட்டைக்குக் கடையில விக்கிற தெறியே போதும்."

இப்போது இந்த வேலைக்குப் பசுமையான முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது அந்தச் சொல் எங்களிடம் இல்லை. கழுவுகிற திரவம் இல்லாமல், குறைந்த அழுத்தத்தில், சாதுவான தூண்டுகோல்களை வைத்துச் செய்கிறார்கள் என்று வாசிக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றை வாசிக்கும்போதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. இதற்குப் பக்கத்தில் ஒரு குப்பி விளக்கை வைக்கலாமா? வைக்கலாம் என்றால் எனக்கு அது பசுமை. மற்றவற்றைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

திரவப் போத்தல்களை வந்த வழியே கப்பலில் திருப்பி அனுப்பினேன். கழுவிய அழுக்கையும் மூடி அடைத்து, கடலில் ஊற்றாமல், வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர்களிடம் அனுப்ப ஒரு மாதம் ஆனது. அவற்றை மேலே கொண்டுவந்தவர்கள் சூளைக்காரர்கள், புளோவரை ஓடவிட்டு, கயிறு கட்டிக்கொண்டு. நான் மேலே நின்று எண்ணினேன், அவ்வளவுதான். கடைசியில் பாத்திரமும் சாவிகளும் மட்டும் கீழே மிஞ்சின. கதவு இரண்டு வாரமாகத் திறந்தே கிடந்தது. அவற்றை எடுக்க எந்த நாளும் இறங்கியிருக்கலாம். நான் படியடி வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதிரி ஒரு காலையில் நானா வந்தார். மெலிந்திருந்தார், வலது கை கொஞ்சம் நடுங்கியது. நான் வீசிய விளக்கு உடைந்துபோனதால் புதுப் போத்தலில் ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். கொளுத்தி, கயிற்றை என் கையில் தந்தார். இறக்கினேன். சுவாலை ஆடியது. அணையப்போகிறது நானா என்றேன். அது ஆடவில்லை, உங்கட கைதான் ஆடுது என்றார். நிலத்தில் வைத்துப் பார்த்தோம். எரிந்தது.

நீங்கள் வருவீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தப் படியில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்றார், கோபமாக இல்லை, பசிக்கவில்லை என்று சொல்கிற மாதிரி. பிறகு இன்னொரு கயிற்றின் நுனியை நீட்டி, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். கட்டினேன். பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். போட்டுக்கொண்டே போங்கள் என்றார்.

ஒவ்வொரு படிக்கும் மேலேயிருந்து "மிஸ்" என்பார். நான் "ஓம்" என்பேன். பதினொரு படிக்கும் பதினொரு தரம். கீழே வந்து விளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கிடந்த இடத்தில் தும்புத்தடி கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் குனிந்தேன். குனிந்தபோது முகம் விளக்கின் மட்டத்துக்கு வந்தது, அவருடைய முகமும் இந்த மட்டத்துக்குத்தான் வந்திருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டேன். எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் நின்றும் எனக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. விழப் பார்த்தேன்.

"மிஸ்? மிஸ்?"

அந்தக் குரலில் இருந்த பயம் நான் நன்றாக அறிந்த பயம். அந்தத் திங்கட்கிழமை அவருக்குக் கயிறு இல்லை, விளக்கு இல்லை. மேலே ஒருத்தி சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் நின்ற பிறகும் ஐஸ் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் நானா," என்றேன். "இருக்கிறன்."